நுளம்பு வளர்க்காத குளம்: மொட்டைமாடியில் இரண்டு அரைப் பரல்

கொழும்பில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டால் கை தானாகவே கவிழ்க்கப் போகும். சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, எதுவானாலும் சரி. காரணம் எல்லாருக்கும் தெரியும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த வருடத்தை வெள்ளவத்தையில் கழித்தவர்களுக்கு யூன், யூலை என்றதும் இன்றும் பிளேட்லெட் கணக்கும் பப்பாசி இலைச் சாறும்தான் ஞாபகம் வரும்.

அப்படிப்பட்ட ஊரில், தொடர்மாடியின் உச்சியில் குளம் வைக்கப் போகிறேன் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? மூன்றாம் மாடி மாமி படியிலேயே மறித்துவிட்டார்.

"உதென்ன தம்பி, நுளம்புப் பண்ணையே போடப் போறீர்?"

"இல்லை மாமி, தும்பிப் பண்ணை."

"தும்பிக்கு ஏன் பண்ணை? அது தன்பாட்டில வரும்தானே."

தும்பி தன்பாட்டில் வரும், உண்மைதான். ஆனால் முட்டையிடத் தண்ணீர் இருந்தால்தான் தங்கும். நீல பிளாஸ்டிக் பரல் ஒன்றை நெடுக்காக அறுத்து, ஒரு பாதியில் மீன் விட்டும் மறுபாதியில் மீன் விடாமலும் வைத்த இரண்டு சிறு குளங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நுளம்பு விஷயத்தை முடித்துவிடுவோம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீருக்குள் முட்டை போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். கரித்தூள் தூவியதுபோல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மழை பெய்து மட்டம் ஏறி முட்டை நனைந்தால் பொரிக்கும். நமது வெக்கையில் ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டை நுளம்பாகிவிடும். அதற்கு வேண்டியது சின்ன, தெளிந்த, யாரும் கவனிக்காத, எதிரி இல்லாத தண்ணீர். இலை அடைத்த கூரைப் பீலி, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மூடி உடைந்த தாங்கி எல்லாம் அதற்குச் சொர்க்கம். மீனும் தும்பிக் குஞ்சும் திரியும் தண்ணீர் அப்படியல்ல. கொட்டக்கூடிய தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்தில்லை. கொட்டாமல் வைத்திருக்கும் தண்ணீரில் தின்னுகிற உயிர் ஒன்று இருக்கவேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு, தலவத்துகொடை, கொலன்னாவை என்று நகரத்தைச் சுற்றிலும் சதுப்பு. அதில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இருக்கின்றன; பெருமழைக்கு நம் வீதிகளுக்கு வரவேண்டிய வெள்ளத்தில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்வதும் அந்தச் சதுப்புத்தான். ஆனால் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு அது பஸ் ஏறிப்போய்ப் பார்க்கிற சாமான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கறுத்த கால்வாயும் தார் வீதியும்தான். பிள்ளைகளுக்குத் தும்பி பிடிக்கத் தெரியாது. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

பரல்

புறக்கோட்டைப் பக்கம் பாவித்த பரல்கள் கிடைக்கும். விலையைவிட முக்கியம், முன்பு அதற்குள் என்ன இருந்தது என்பது. இரசாயனம் வந்த பரல் எத்தனை தரம் கழுவினாலும் மீனுக்கு ஆகாது. வினாகிரியோ பழச்சாறோ வந்த பரலாகப் பாருங்கள். மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் தெரிந்துவிடும். 200 லீற்றருக்குச் சற்று மேல் கொள்ளும் பரலை நெடுக்காகப் பிளந்தால் மூன்றடி நீளத்திலும் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான அகலத்திலும் இரண்டு தொட்டி வரும்.

சீமெந்துத் தொட்டி வாங்கலாமே என்று கேட்பீர்கள். புதுச் சீமெந்து தண்ணீரில் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும். பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் உயிர் விடலாம். பாரம் வேறு.

பாரம்தான் இந்த வேலையில் யோசிக்கவேண்டிய முதல் விஷயம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அரைப் பரலில் எட்டு அங்குல ஆழத்துக்கு நிரப்பினால் 80 கிலோ அளவில் வரும். மண், கல், பலகை எல்லாம் சேர்ந்தால் 100ஐத் தாண்டும். இரண்டு தொட்டிக்கும் சேர்த்து மூன்று பெரிய ஆட்கள் ஓரிடத்தில் எந்நேரமும் நிற்கிற பாரம். கொங்கிரீட் தட்டு அதைத் தாங்கும் என்றாலும், தட்டின் நடுவில் வைப்பதற்கும் கீழே பீம் ஓடுகிற இடத்தில் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம். கட்டடத்தின் வரைபடம் கையில் இல்லாவிட்டால் கீழ்மாடிச் சீலிங்கைப் பாருங்கள். பீம் எந்த வரியில் போகிறது என்று தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இதை வைக்கவே வேண்டாம். முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் நான் தொடங்கினேன். வாய்ச்சொல் போதாது.

இடம் தேர்ந்ததில் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிகள் கைகொடுத்தன. எங்கள் மொட்டைமாடியில் அவை கடல்பக்கம், அதாவது மேற்கே, வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கிழக்கே தொட்டிகளை வைத்தால் காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், பின்னேர வெயிலைத் தாங்கிகள் மறைக்கும். உப்புக்காற்றும் நேரே அடிக்காது. வெள்ளவத்தையில் உப்புக்காற்று என்ன செய்யும் என்பதை யன்னல் கம்பியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செடிகளின் இலை ஓரமும் அப்படித்தான் கருகும். மத்தியானத்துக்கு மட்டும் நிழல்வலை ஒரு துண்டு. இவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீர் மறைப்பில்லாமல் நாள் முழுக்க வெயிலில் நின்றால் மீன் அவிந்துவிடும்.

அறுப்பதற்குச் சிறு கிரைண்டர் போதும். பிளாஸ்டிக் உருகி இழுபடும், அதனால் விட்டுவிட்டு மெதுவாக அறுக்கவேண்டும். கீழே பழைய படங்கு விரித்து, விழுகிற தூளை முழுக்கக் கூட்டி எடுத்துவிடுங்கள். மழைநீர்க் குழாய் வழியே போனால் அது போய்ச் சேரும் இடம் கால்வாய், அப்புறம் கடல். விளிம்பைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து மழுக்கவேண்டும். பிறகு வாரம்தோறும் கை விடப்போகிற இடம் அது.

வெறும் தொட்டியாக இருக்கும்போது தெரியாத ஒரு விஷயம், தண்ணீர் விட்டதும் தெரியும். அரைப் பரலின் வாய் இரண்டு பக்கமும் விரிந்து அகலும். வட்டமாக இருந்தவரைக்கும் பரலுக்கு இருந்த பலம் அறுத்தவுடன் போய்விடுகிறது. இதற்கு வைத்தியம் சுலபம். நடுவில் குறுக்காக ஒரு பலகைச் சட்டம் வைத்து இரண்டு விளிம்பிலும் துருப்பிடிக்காத போல்ட்டால் முறுக்கிவிட்டால் சரி. கீழே உருண்டு போகாமல் இருக்க, பழைய பலெட் பலகையில் அரைவட்டமாக வெட்டிய இரண்டு கால்கள். அவற்றின் கீழே நீளப் பலகை, பாரம் பரவுவதற்கு. டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்; மொட்டைமாடித் தளம் வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும்.

மேலதிகத் தண்ணீர் போகும் துளை கட்டாயம் வேண்டும். கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை. ஒக்டோபர், நவம்பரில் ஒரே பின்னேரத்தில் தொட்டி நிரம்பி வழியும். விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே துளைத்து, அரை அங்குலத் தாங்கி நிப்பிள் ஒன்றை றப்பர் வளையத்தோடு இறுக்கி, உள்பக்கம் நுளம்பு வலைத் துண்டு கட்டினேன். வலை இல்லாவிட்டால் மீன் மழையோடு இறங்கிப் போய்விடும்.

மண்ணும் செடியும்

பூச்சாடிக்குப் போடும் உரக்கலவையைக் குளத்துக்குப் போடக்கூடாது. இலைமக்கு தண்ணீருக்குள் அழுகி நாறும். எனக்கு பிலியந்தலையில் ஒரு நண்பரின் வயலிலிருந்து களிமண் கிடைத்தது. அதை அகலச் சட்டிகளில் போட்டு, செடியை நட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஆற்றுமணல் பரப்பிச் சட்டியோடு தண்ணீருக்குள் இறக்கினேன். சட்டியாக இருந்தால் பிறகு தூக்கிப் பிரிக்கலாம்.

மீன் தொட்டிக்கு நீலோற்பலம். 1986இலிருந்து நாட்டின் தேசிய மலர். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாற்றுமேடைகளில் 'நில் மானெல்' என்று சொல்லித் தரும் கடும் ஊதாப் பூ பெரும்பாலும் வெளிநாட்டுக் கலப்பினம். நாட்டுச் செடியின் பூ வெளிறிய நீலம். பத்தரமுல்லைப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றில் பூத்திருக்கும்போதே பார்த்து வாங்கினேன். பூக்காத செடியை வாங்கினால் என்ன நிறம் என்று விற்கிறவருக்கே தெரியாது. ஐந்தாறு மணித்தியாலம் வெயில் படாவிட்டால் இலையோடு நின்றுவிடும்.

மீனில்லாத தொட்டிக்கு, இதய வடிவ இலையும் ஓரம் பஞ்சுபோல் சிலும்பிய சின்ன வெள்ளைப் பூவும் உள்ள சிற்றாம்பல். விளிம்பில் வல்லாரை, கங்குன். இரண்டும் சந்தையில் கட்டாக வாங்கிய கீரை; வேர் நுனி இருக்கும் தண்டாகப் பார்த்துச் செருகினாலே போதும். கங்குன் தண்ணீரிலுள்ள கழிவுச் சத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் தொட்டியை மூடிவிடும். வெட்டினால் ஒரு சுண்டலுக்குக் காணும்.

ஆழத்துக்குக் கிரிப்டோகோரின். உலகம் முழுக்க மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற இந்தச் செடியின் பல இனங்கள் இலங்கைக்கே உரியவை. வெண்ட்டி என்ற இனம் இங்கேயன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதை நம் ஆட்கள் 'வெளிநாட்டு அக்குவேரியச் செடி' என்று நினைத்து வாங்குவது ஒரு வேடிக்கை.

மிதக்கும் செடி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கீழ்மாடிக்காரர் ஒருவர் அன்பாக ஒரு வாளி நிறைய ஆகாயத்தாமரை கொண்டுவந்து தந்தார். ஊதாப் பூ அழகுதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக வந்து, 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போடவேண்டி வந்த களை அது. சல்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களை 1939இல் கொழும்புக்கு வந்தது. இன்றும் குளங்களையும் வயல்களையும் மூடிக்கொண்டுதான் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி வழிந்தால் கால்வாய்க்குத்தான் போகும். வாளியில் வந்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூச்சாடிகளுக்கு மூடாக்காகப் போட்டேன். கொண்டுவந்தவரிடமும் சொன்னேன், அவர் கொஞ்சம் முகம் கோணினார், பரவாயில்லை.

தண்ணீர், பொறுமை, மீன்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகல வாயுள்ள வாளிகளில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் சில வாரங்களில் தண்ணீர் பச்சையாகும். அப்போது எல்லாரும் செய்வது, தண்ணீரை மாற்றுவது. மாற்றினால் புதுத் தண்ணீர் திரும்பவும் பச்சையாகும், வேறொன்றும் நடக்காது. விட்டுவிடுங்கள். இலை பரவி மேற்பரப்பில் பாதியை மூடியதும் பாசிக்கு வெளிச்சமில்லாமல் தண்ணீர் தானாகத் தெளியும்.

மீனுக்கு கப்பி போடலாம். நுளம்பை ஒழிக்கக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவது அதைத்தான். கொழும்புக் கான்களில் வலையைப் போட்டாலே கிடைக்கும். ஆனால் அது தென் அமெரிக்க மீன். வயல் வாய்க்கால்களில் நம் ஊர் மீனே ஒன்று இருக்கிறது: ஒரு விரல் நீளம்கூட இல்லை, தலையின் உச்சியில் வெள்ளிப் பொட்டு, வாய் மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் தோலோடு ஒட்டியபடி அசையாமல் நிற்கும். மேலே ஏதாவது துடித்தால் போதும், அடுத்த கணம் அது இருக்காது. அப்லோகைலஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். களிமண் எடுத்த அதே வயல் வாய்க்காலிலிருந்து, நண்பரின் அனுமதியோடு ஆறேழு மீன் கொண்டுவந்தேன். சரணாலயங்களில் பிடிப்பது குற்றம், அந்தப் பக்கம் போகவேண்டாம். இந்த மீன் துள்ளும். விளிம்புக்குக் கீழே விட்ட அந்த மூன்று அங்குல இடைவெளி மழைக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

மீன் தொட்டியைப் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை. அது முதல் மாதத்திலேயே தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

மீனில்லாத தொட்டி

மீன் நுளம்புக் குடம்பியை, அதாவது முட்டை பொரித்து வரும் புழுவை, மட்டும் தின்பதில்லை. தும்பிக் குஞ்சையும் தின்றுவிடும். அதனால்தான் இரண்டாவது தொட்டி. ஆனால் ஒரு புதுத் தண்ணீருக்கு முதலில் வருவது நுளம்பு. தும்பி வந்து, முட்டையிட்டு, குஞ்சு குடம்பி தின்னும் அளவுக்கு வளரும்வரை ஒரு ஆபத்தான இடைவெளி உண்டு. வலையால் மூடினால் தும்பியும் வராது. ஆகவே அந்தக் காலத்தில் நானே தும்பிக் குஞ்சின் வேலையைச் செய்தேன். புதனும் ஞாயிறும் தேத்தண்ணி வடியால் மேற்பரப்பை முழுக்க அள்ளி, வடியில் நெளிவதை மீன் தொட்டியில் தட்டிவிடுவேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலேயுள்ள சுவரைத் தேங்காய்ப் பொச்சால் அழுத்தித் தேய்ப்பேன், முட்டைக்காக. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் மீனில்லாத தொட்டி வைக்கவே கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

முதலில் பறந்து வந்தவை, மல்லாந்து நீந்தும் சிறு பூச்சிகள். துடுப்புப்போல இரண்டு நீளக் கால், வெள்ளி மினுங்கும் வயிறு. இரவில் வந்து இறங்கியிருக்கவேண்டும். அவையும் குடம்பி தின்னும். கையால் பிடித்தால் குத்தும், கவனம்.

பிறகு தும்பிகள். முதலில் கறுப்பும் வெளிர்பச்சையுமாக ஒல்லியான ஒன்று, குறுக்குச் சட்டத்தில் வந்து குந்தியது. அடுத்து மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒன்று. அது வந்த பிறகு வேறு சிவப்புத் தும்பியை அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. தும்பிகள் தண்ணீரைக் கண்டுபிடிப்பது, அதன் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டு. பளபளக்கும் கறுப்புப் பரப்பெல்லாம் அதற்குத் தண்ணீர்தான். கீழே தரிப்பிடத்தில் நிற்கும் கறுப்புக் காரின் பொனட்டில் ஒரு தும்பி வாலால் தட்டித் தட்டி முட்டையிட்டுக்கொண்டிருந்ததைக் காவலாளி காட்டினார். "பாவம் சார், சுடுற தகரத்துல போடுது" என்றார். அவர் ஹட்டன் பக்கத்தவர். தோட்டத்தில் பீலிக்கரையில் தும்பி பிடித்த கதையெல்லாம் அன்று வந்தது.

தும்பிக் குஞ்சை, பள்ளிப் புத்தகத்தில் அணங்கு என்று படித்தோமே, அதைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு ஒன்றை ஜாம் போத்தலில் எடுத்து வைத்தேன். அழகென்று சொல்லமுடியாது. மண் நிறம், தட்டை வயிறு, பெரிய கண். அடியில் செத்ததுபோல் கிடந்தது. இரண்டு குடம்பிகளை விட்டேன். அவை தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிவிட்டு நெளிந்து நெளிந்து கீழே வந்தன. அணங்கின் தலை மட்டும் ஒரு மயிரிழை திரும்பியது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. குடம்பி இன்னும் கிட்ட வந்தது. அணங்கின் உடம்பு அசையவே இல்லை. முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த தாடை மட்டும் முழங்கைபோல் விரிந்து நீண்டு, குடம்பியைக் கவ்வி, திரும்பி மடிந்துவிட்டது. கண்ணால் பார்த்தது முதலையும் முடிவையும் மட்டும்தான். நடுவில் நடந்ததைப் பார்க்க முடியவில்லை. மென்று முடிக்க மட்டும் ஆறுதலாக நேரம் எடுத்தது. போத்தலைத் தட்டியபோது பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி ஒரே பாய்ச்சலில் மறுபக்கம் போய்விட்டது. மூச்சு விடுவதும் அந்த வழியால்தான்: குடலின் கடைசிப் பகுதியில் அதற்குப் பூ, அதாவது செவுள்.

ஒக்டோபரில் இன்னொரு கூட்டம் வந்தது. மஞ்சளும் செம்பழுப்புமாக, குந்தவே குந்தாமல் மொட்டைமாடிக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டே இருக்கும் தும்பிகள். இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரைக்கும் போகிற இனம். பருவக்காற்றோடு போகும், மழைத் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் முட்டையிடும், வற்றுவதற்குள் வளர்ந்துவிடும். ஆறேழு வாரத்தில் முட்டையிலிருந்து தும்பி. அவற்றில் சில என் தொட்டியிலும் வாலை நனைத்துவிட்டுப் போயின. மாமி உடுப்புக் காயப்போட வந்தவர் அண்ணாந்து பார்த்து, "பதியப் பறக்குது, மழை வரப்போகுது" என்று எல்லா உடுப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்று மழை வந்தது. ஒக்டோபரில் கொழும்பில் எந்தப் பின்னேரமும் மழை வரும்தான், ஆனாலும் மாமிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தாகவேண்டும். சின்ன வயதில் சாவகச்சேரியில் தும்பி வாலில் நூல் கட்டி விட்டதை அன்றுதான் சொன்னார். "இப்ப நினைச்சா பாவம்" என்றும் சொன்னார்.

தும்பி வெளியே வருவதற்குத் தண்ணீரிலிருந்து ஏறிப்போக ஏதாவது வேண்டும். தொட்டிக்குள் நாலைந்து மூங்கில் குச்சியும் தடித்த ஈர்க்கும் நட்டு வைத்திருந்தேன். விடியப் புறம் டோர்ச்சோடு ஏறிப் பார்த்தபோது ஒரு ஈர்க்கில் ஓர் அணங்கு ஏறி நின்றது. முதுகு பிளந்து, தலையும் மார்பும் வெளியே வந்து, வால் மட்டும் உள்ளே. அப்படியே பின்பக்கமாக மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தது, கால் இறுகும்வரைக்கும். பிறகு வயிற்றை மடித்து எழும்பி, தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டு வாலை இழுத்தெடுத்தது. செட்டை நாலும் முதலில் கசங்கிய ஈரப் பொலித்தீன் துண்டுதான். அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக விரிந்தது. வெளிச்சம் வரும்போது ஒரு காகம் தாங்கிக்கு மேல் வந்து உட்கார்ந்தது. நான் அசையாமல் அங்கேயே நின்றேன், காகத்துக்குக் காவலாக. காலை ஆறு மணிக்குப் பின் தும்பி ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுப் பறந்தது. அதற்குப் பக்கத்துக் குச்சியில் இருந்த மற்றொன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது.

காகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளம் வைத்தால் அது தனக்கு வைத்தது என்றே நினைக்கும். காய்ந்த ரொட்டி, மீன் தலை, ஒருநாள் அரை உளுந்து வடை என்று எங்கேயோ எடுத்ததைக் கொண்டுவந்து தண்ணீரில் தோய்த்துத் தின்னும், மிச்சத்தை விட்டுப்போகும். அது அழுகினால் தண்ணீர் கெடும். தொட்டியிலிருந்து தள்ளி ஒரு மண்சட்டியில் தனியாகத் தண்ணீர் வைத்து, தினமும் கொட்டி மாற்றுகிறேன். பாதிக் காகங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

பீ.எச்.ஐ. வந்த நாள்

நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆகவே டெங்குச் சோதனைக்குப் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஆட்களோடு வந்தபோது நானே மேலே கூட்டிப்போனேன். பரல்களைக் கண்டதும் பீ.எச்.ஐ.யின் முகம் மாறியது. வெள்ளைத் தட்டையும் அகப்பையையும் எடுத்தார். மீன் தொட்டியில் நாலைந்து இடத்தில் அள்ளினார், ஒன்றும் இல்லை. மீனில்லாத தொட்டியில் அள்ளினார். குடம்பி இல்லை, தட்டில் ஓர் அணங்கு நடந்துகொண்டிருந்தது. சிங்களத்தில், இது எதன் குஞ்சு என்று கேட்டார். "பத்கூரா" என்றேன், தும்பிக்குச் சிங்களச் சொல் அது. சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கூட வந்தவர் குடம்பியைக் கொல்லும் அபேட் மருந்து மணல் பக்கெட்டை உடைக்கப் போனார். அது தும்பிக் குஞ்சுகளையும் சேர்த்தே கொல்லும் என்று சொன்னதும் பீ.எச்.ஐ.யே வேண்டாமென்று கையைக் காட்டினார். ஆனால் ஒன்று சொன்னார்: அடுத்த தடவை ஒரு குடம்பி கண்டாலும் எல்லாருக்கும் போடுகிற வழக்குத்தான் உங்களுக்கும். நியாயமான பேச்சு.

அப்புறம் மொட்டைமாடியைச் சுற்றி வந்தவர், மூலையில் இலை அடைத்த வடிகால் வாயில் அகப்பையை விட்டார். தட்டு நிறையக் குடம்பி. முகாமைத்துவக் குழுவுக்கு அறிவித்தல் போனது. அந்த வடிகாலைச் சுத்தம் செய்வதும் இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலையில் சேர்ந்திருக்கிறது. கீழே புகையடிக்கிற நாளில் இரண்டு தொட்டியையும் படங்கால் மூடி, புகை அடங்கிய பின் திறக்கிறேன்.

இப்போதைய பராமரிப்பு இவ்வளவுதான். வாரம் ஒருமுறை சுவர் தேய்ப்பு, கங்குன் வெட்டு, வலைத் துண்டு கழுவல். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறையும்போது வற்றிய அளவுக்குத் தண்ணீர் விடவேண்டும், ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் விடாமல். மீனுக்குத் தீன் போடுவதே இல்லை. போட்டால் நுளம்பைத் தேடாது.

திரும்பச் செய்வதென்றால் சுவர் தடித்த பரலாகத் தேடுவேன், குறுக்குச் சட்டம் இரண்டு வைப்பேன். நீலோற்பலம் சட்டியை நிறைத்துவிட்டது, மழை தொடங்குமுன் கிழங்கைப் பிரிக்கவேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தாராளமாகத் தருகிறேன். தொட்டி, மீன், வெயில் மூன்றும் தயாராக இருக்கவேண்டும். பூச்சாடித் தட்டில் வைக்கப்போகிறவர்களுக்கு இல்லை.